இரண்டாவது வளைவில் அரைச் சுற்று

அத்தியாயம் பதினான்கு

வண்டி படுத்துப் பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. அந்தப் பத்தொன்பது நாளும் மேட்டு வீடுகளின் பால் மனிதத் தோளில்தான் இறங்கி வந்தது.

வாடகை வேன் பாதி மேடு வரைக்கும் வரும். அதற்கு மேல் சக்கரம் சுற்றுமே தவிர நகராது. மீதி மேட்டுக்கு வண்டிக்காரியும் அவள் புருஷனும் நடந்தே ஏறி, ஆளுக்கொரு கேனாகச் சுமந்து இறங்கினார்கள். இரவு படுத்தால் தோள்பட்டை தனியாகவும் உடம்பு தனியாகவும் கிடப்பது போலிருந்தது அவளுக்கு.

வண்டிக்காரி என்பது மேட்டு வீட்டார் வைத்த பெயர். கடைக்காரர்கள் ஏ.டி.வி. என்று சொல்கிற அந்த நாலு சக்கர வண்டியை, மோட்டார் சைக்கிள் கைப்பிடியும் டிராக்டர் டயருமாக இருக்குமே அதை, ஒன்பது வருஷமாக ஓட்டி வீடு வீடாகப் பால் எடுத்துக் குளிரூட்டும் நிலையத்தில் சேர்ப்பவள் அவள். புருஷனுக்கும் அவர்களே ஒரு பெயர் வைத்திருந்தார்கள். டாக்டர். வைத்தியம் மனுஷனுக்கு அல்ல, இன்ஜினுக்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து தருகிற கார்ப்பரேட்டருக்கு. இன்ஜினை ஓடவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு காதாலேயே வியாதியைச் சொல்லிவிடுவார் என்று பேர் எடுத்தவர்.

முன் வாரங்களைப் படித்தவர்களுக்கு அந்த வீட்டின் மூன்றாவது ஆளையும் நினைவிருக்கும். டாக்டரின் தங்கை. முப்பத்திரண்டு வயதாகியும் வீட்டில் 'குட்டி'. பால் நிலையத்தில் கேன் கழுவும் வேலை. அண்ணிக்குக் காய்ச்சல் வந்தபோது, தன் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வண்டியை எடுத்தாள். திங்கட்கிழமை எடுத்தாள். அன்றைக்கே, உச்சி வீட்டுக்குக் கீழே, இன்ஜின் கொதித்து பிஸ்டன் பிடித்துக்கொண்டது.

அன்றிலிருந்து ஊருக்கெல்லாம் அவள் 'இன்ஜின் முழுங்கி'.

அந்தச் சனிக்கிழமை காலை, குட்டி ஒரு தாளைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தாள்.

"அண்ணா, இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள குடுத்தாகணும்."

டாக்டர் தாளைப் பார்த்தார். தொடவில்லை. பால் நிலையத்தில் கிழக்கு மேட்டுக்குப் புதிதாக ஒரு ஓட்டுநர் எடுக்கிறார்கள். அந்த வேலையைக் கேட்கிற ஆள், தான் முன்பு ஓட்டிய வண்டியைப் பராமரித்தவரிடம் ஒரு குறிப்பும் கையெழுத்தும் வாங்கித் தர வேண்டும். குட்டி இதுவரை ஓட்டியது ஒரே ஒரு வண்டி. அதைப் பராமரித்தது ஒரே ஒரு ஆள்.

"என்னன்னு எழுதச் சொல்ற? இவ நல்லா ஓட்டுவாள்னா?"

"முன்னெல்லாம் அண்ணி லீவு போட்டா நான்தானே ஓட்டுவேன். அப்பல்லாம் ஏதாவது ஆச்சா?"

"அதெல்லாம் சரி. கடைசியா என்ன ஆச்சுன்னுதான் கேப்பாங்க. இன்ஜின் கொதிக்கிறது தெரியாம ஒருத்தி ஓட்டுவாளா? சத்தம் மாறும் குட்டி. கவனிச்சிருக்கணும்."

"மாறிச்சுண்ணா. படபடன்னு வெடிச்சுது. முந்தின நாள்தானே நீங்க ட்யூன் பண்ணீங்க, புதுசா ட்யூன் பண்ணினா இப்படித்தான் இருக்கும்போலன்னு நெனச்சுட்டேன்."

"ஓ! பழி என் மேலயா?"

"ஐயோ, நான் அப்படிச் சொல்லலண்ணா."

"வேற எப்படிச் சொன்ன?"

குட்டி, கேன் கழுவும் சோடா மருந்தில் ஊறி ஊறி வெடித்திருந்த விரல்களால் தாளை நேராக்கி வைத்தாள். "மதியம் ஷிஃப்ட் முடிஞ்சதும் வண்டிக் கடைக்கே வந்துடறேன். அதுக்குள்ள மனசு மாறினா சரி" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள். வாசலில் ஒரு நிமிஷம் நின்று, "அண்ணி, தோள்ல அந்தத் தைலத்தைத் தேச்சுட்டுப் போங்க. அலமாரியில வெச்சிருக்கேன்" என்றாள்.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த வண்டிக்காரியின் கை அப்படியே நின்றது. தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

ஏனென்றால் இன்ஜினை முழுங்கியது யார் என்று அவளுக்குத் தெரியும்.

பதினொரு மாதத்துக்கு முந்தைய ஒரு திங்கட்கிழமை அது. மேட்டு ரோட்டின் இரண்டாவது வளைவில் இறங்கும்போது புகைக்குழாயில் படபடவென்று ஒரு சத்தம். ஒன்பது வருஷம் அதே இன்ஜின் மேல் உட்கார்ந்தவளுக்கு அது புரியாதா? காற்று கூடிப்போய் பெட்ரோல் குறைந்துபோயிருக்கிறது. இப்படியே ஓட்டினால் இன்ஜின் வெந்துவிடும். ஞாயிறுதோறும் ட்யூன் செய்கிற மனுஷர் இப்படி விடுபவர் இல்லையே என்று யோசித்தவளுக்கு, மெல்ல மெல்ல மற்றதெல்லாம் நினைவுக்கு வந்தது. பக்கத்தில் அடிக்கிற போனை எடுக்காமல் உட்கார்ந்திருப்பது. பேசுகிறவர் வாயையே பார்ப்பது. டி.வி. சத்தத்துக்கு அடுத்த வீட்டார் சுவரைத் தட்டுவது.

மெல்லிய கூர்மையான சத்தம் எதுவும் அவர் காதில் விழவில்லை. நல்ல இன்ஜினும் அவருக்கு மந்தமாகக் கேட்டது. மந்தம் தெளியட்டும் என்று கார்ப்பரேட்டரின் திருகைத் திருகி அவர் பெட்ரோலைக் குறைத்துக் குறைத்து வைத்தார்.

சொல்லியிருக்கலாம். அதற்கு முந்தைய வாரம்தான் மேட்டு வீட்டுக்காரர் ஒருவர், "டாக்டருக்கே டாக்டர் தேவைப்படுது போல" என்று சிரித்ததற்கு, மனுஷர் இரண்டு நாள் யாரோடும் பேசாமல் கிடந்தார். அவளுக்கு மனசு வரவில்லை. ஒரு சின்ன ஸ்க்ரூட்ரைவரைக் கேன் மூடிப் பையில் போட்டுக்கொண்டாள். ஞாயிறு அவர் திருகி வைப்பார். திங்கள் விடிகாலை, இரண்டாவது வளைவில் வண்டியை ஓரம் கட்டி, அரைச் சுற்று திருப்பி வைத்துவிட்டுப் போவாள். யாருக்கும் நஷ்டமில்லாத உதவி என்றுதான் நினைத்தாள்.

அப்புறம் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் கண் திறக்கவில்லை. குட்டியிடம் சொல்லியிருக்க வேண்டிய ஒரே ஒரு விஷயத்தை அவள் சொல்லவில்லை. காய்ச்சல் விட்ட பிறகும் சொல்லவில்லை. அதுதான் நெஞ்சில் முள்ளாக நின்றது. அன்பினால் மூடி வைத்த பாத்திரம்தான். ஆனால் அதன் சூடு வேறொருத்தியின் கையில் அல்லவா பட்டுவிட்டது?

குழாயை மூடிவிட்டுக் கண்ணையும் மூடினாள். 'ஆண்டவனே, நான் வாயைத் திறக்காமலே இது சரியாயிடக் கூடாதா?'

இப்படி வேண்டுவது சரியில்லை என்று அவளுக்கே தெரிந்தது. இருந்தாலும் வேண்டினாள். அவ்வளவு களைத்திருந்தாள்.

புது வண்டி பார்க்க அன்று இருவரும் போன வண்டிக் கடையை நடத்துவது ஒரு பெண்மணி. மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். இரண்டு வண்டிகளை எதிரெதிரே நிறுத்தி வைத்திருந்தார்.

"வாங்க டாக்டரே. ரெண்டும் ஒரே சட்டம், ஒரே டயர், ஒரே பிரேக். இன்ஜின் மட்டும்தான் வேற. இது உங்க ஆளு, கார்ப்பரேட்டர். போன வருஷத்து வண்டி, இதோட இந்த மாடல் நின்னுபோச்சு. அது ஃப்யூல் இன்ஜெக்‌ஷன்."

"அதுல என்ன பெரிய விசேஷம்?"

"குளிர்ல சோக் இழுத்துட்டுப் பத்து நிமிஷம் காவல் நிக்க வேணாம். பட்டனை அமுக்கினா எடுக்கும். மேல ஏற ஏற காத்து இளைக்குமில்ல? அதுக்குத் தகுந்த மாதிரி பெட்ரோலை அதுவே குறைச்சுக்கும். சரிவுல ஒருச்சாய்ஞ்சாலும் மூச்சு முட்டாது."

"எதை வெச்சுக் குறைக்கும்?"

"சென்சார் இருக்கு. எவ்வளவு காத்து வருது, எவ்வளவு சூடு ஏறுது, புகையில என்ன மிச்சம் போகுதுன்னு அதுவே பாத்துக்கும்."

"பாத்துக்காமப் போனா?"

"இங்க கொண்டாரணும். கம்ப்யூட்டரை மாட்டிப் பாக்கணும்."

டாக்டர் சிரித்தார். பத்தொன்பது நாளில் முதல் சிரிப்பு. "மேட்டு உச்சியில நின்னுபோனா? கம்ப்யூட்டரை எந்தக் கழுதை தூக்கிட்டு வரும்? பேட்டரி இறங்கிட்டா ஸ்டார்ட் பண்ற கயிறு இழுத்தும் பிரயோஜனமில்ல, பம்ப்பே ஓடாது. கார்ப்பரேட்டர்னா நாலு திருகு. கழட்டி, வாயால ஊதி, மாட்டிட்டுப் போயிட்டே இருக்கலாம்."

"வாஸ்தவம்தான். ஆனா ஊதறதுக்கு நீங்க கூட இருக்கணுமே. மேல போறது உங்க வீட்டம்மா." கடைக்காரம்மா வண்டிக்காரியின் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. உட்கார்ந்து ஓட்டறவங்க நீங்க."

"அவருக்கு எது சரின்னு படுதோ அதுதான்" என்றாள் வண்டிக்காரி.

பதினொரு மாதமாக அவள் வாயில் இருக்கிற வாக்கியம் அது. மனசுக்குள் வேறு ஒன்று ஓடியது. இன்ஜெக்‌ஷனை வாங்கினால் திருகும் இல்லை, ட்யூனும் இல்லை. எல்லாம் தானாகப் புதைந்துபோகும். நிம்மதி. ஆனால் அதோடு சேர்ந்து குட்டியின் பெயரும் அல்லவா புதைந்துபோகும்? கார்ப்பரேட்டரை வாங்கினாலோ, மறுபடி ஒவ்வொரு திங்களும் இரண்டாவது வளைவு. நினைத்ததுமே பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

மூன்றே முக்காலுக்குக் குட்டி வந்தாள். தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மடங்காமல் கொண்டுவந்திருந்தாள். அண்ணனின் முகத்தைப் பார்த்தாள். மனசு மாறவில்லை என்று தெரிந்தது. ஒன்றும் கேட்காமல் அண்ணியின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஓட்டிப் பாக்காம எப்படிம்மா எடுக்கறது?" என்றார் டாக்டர். கார்ப்பரேட்டர் வண்டியைக் கடைக்குப் பின்னால் இருந்த முற்றத்துக்குத் தள்ளிப்போனார்கள். சோக்கை இழுத்தார். மூன்றாவது முயற்சியில் இன்ஜின் எடுத்தது. சூடேறியதும், உள்ளபடியே நன்றாகத்தான் ஓடியது.

டாக்டர் கண்ணை மூடித் தலையைச் சாய்த்தார். "மந்தமா இருக்கே. கம்பெனியில சோம்பேறித்தனமா வெச்சு அனுப்பியிருக்கான். ஒரு ஸ்க்ரூட்ரைவர் குடுங்க."

திருகினார். கேட்டார். இன்னும் திருகினார். ஆக்ஸிலரேட்டரை முறுக்கி விட்டார்.

பொரி பொரிவது போல, படபடவென்று மெல்லிசாகப் புகைக்குழாய் வெடித்தது.

"ஆங்! இப்பத்தான் தெளிவா ஓடுது" என்றார் டாக்டர். அந்த முகத்தில் அத்தனை சந்தோஷம்.

கடைக்காரம்மா வாயைத் திறந்து மூடினார். குட்டி அசையாமல் நின்றாள். பிறகு மிகவும் மெதுவாக, "அண்ணி… அன்னிக்கு வந்தது இந்தச் சத்தம்தான்" என்றாள்.

வண்டிக்காரி தலை நிமிரவில்லை. குட்டி அவள் முகத்தைக் குனிந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"உங்களுக்குத் தெரியுமா அண்ணி?"

வண்டிக்காரி ஆமென்று தலையசைத்தாள்.

குட்டி அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் இன்னும் கண்ணை மூடியபடி, குழந்தை பாடுவதைக் கேட்கிற மாதிரி அந்த வெடிச்சத்தத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். குட்டி பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். இரண்டாக மடித்துக் கைப்பைக்குள் திணித்தாள்.

"விடுங்க அண்ணி. கேன் கழுவறது ஒண்ணும் புதுசில்லையே எனக்கு. அண்ணன்கிட்ட எதுவும் சொல்லிடாதீங்க. தாங்க மாட்டாரு."

ஏசியிருந்தால்கூட வண்டிக்காரி தாங்கியிருப்பாள். இதைத் தாங்க முடியவில்லை. எழுந்து போய், வண்டியின் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தாள்.

"ஏன் நிறுத்திட்ட?"

அவர் பார்வையில் தன் முகம் நேராகப் படும்படி நின்றுகொண்டாள்.

"என்னங்க. நீங்க திருகினதுக்கப்புறம் இன்ஜின் வெடிச்சுது. உங்களுக்கு அது விழல."

டாக்டர் அவளைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். தங்கை தரையைப் பார்த்தாள். கடைசியாகக் கடைக்காரம்மாவைப் பார்த்தார்.

கடைக்காரம்மா சிரிக்கவில்லை, உச்சுக் கொட்டவும் இல்லை. "வெடிச்சுது டாக்டரே. நானும் கேட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, கடைக்கும் முற்றத்துக்கும் நடுவில் இருந்த கதவைப் போய்ச் சாத்தினார். முன்னால் இரண்டு வாடிக்கையாளர்கள் காத்திருந்தார்கள். ஒரு மனுஷன் உடைந்துபோவதை எதற்கு எல்லாரும் பார்க்க வேண்டும்?

"எத்தனை மாசமா?" என்றார் டாக்டர்.

"பதினொண்ணு."

"பதினொரு மாசம் அந்த இன்ஜின் எப்படி ஓடிச்சு?"

"திங்கக்கிழமை நான் மாத்தி வெச்சுடுவேன்."

"எங்க?"

"ரெண்டாவது வளைவுல. ஓரம் கட்டி."

"எவ்வளவு?"

"அரைச் சுத்து."

டாக்டர் கொஞ்சம் யோசித்தார். "முக்கால் வெச்சிருக்கணும்" என்றார்.

குட்டிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் சிரிக்கவில்லை. ஒரு கவிழ்த்த எண்ணெய் டின் மேல் உட்கார்ந்தார்.

"அந்தத் திங்கக்கிழமை இவளுக்குக் காய்ச்சல்" என்றார், தனக்குத்தானே கணக்கு ஒப்பிப்பது போல. "மாத்தி வைக்க ஆளில்ல. நீ அப்படியே எடுத்துட்டுப் போயிட்ட. காலையில நீ சொன்னப்போ பழி போடறேன்னு உன்மேல பாஞ்சேன்."

"பரவால்லண்ணா."

"பரவாயில்லையா? ஊரே உன்னை இன்ஜின் முழுங்கிங்குது. அந்தப் பேரை முதல்ல சொன்னது யாரு தெரியுமா? நான்தான். டீக்கடையில." கையை நீட்டினார். "தாளைக் குடு."

கடைக்காரம்மாவே பேனாவும் அட்டையும் கொண்டுவந்தார். டாக்டர் மெதுவாக, எழுத்து எழுத்தாக எழுதினார். எழுதி முடித்துக் குட்டியிடம் நீட்டினார். "படி. தப்பிருந்தா சொல்லு."

குட்டி படித்தாள். "இவர் ஓட்டியபோது இன்ஜின் பழுதானதற்கு இவர் காரணம் அல்ல. பெட்ரோல் குறைவாகப் போகும்படி திருகை வைத்தவன் நான். என் காது சரியாகக் கேட்பதில்லை என்று இன்றுதான் எனக்குத் தெரிந்தது. இவர் பொறுமையாக…" அங்கேயே நிறுத்தி நிமிர்ந்தாள். "காது விஷயம் எதுக்குண்ணா? அடிச்சுடுங்க."

"இருக்கட்டும். அது இல்லேன்னா மீதி யாரு நம்புவா?"

"நான் மறைச்சதையும் எழுதுங்க" என்றாள் வண்டிக்காரி.

"அது ஆபீசுக்கு எதுக்கு?" அவர் அவள் பக்கம் திரும்பவில்லை. "அது வீட்டு விஷயம்."

மணி நாலே முக்கால். "எதையும் யோசிக்காம ஏறு, நான் கொண்டு விடறேன்" என்று கடைக்காரம்மா குட்டியை அவசரப்படுத்தினார். காத்திருந்த இரண்டு வாடிக்கையாளர்களிடமும் அரை மணி நேரம் பொறுக்கச் சொன்னார். சாவியை எடுத்துக்கொண்டே, "டாக்டரே, எந்த வண்டின்னு சொல்லலியே?" என்றார்.

டாக்டர் மனைவியைப் பார்த்தார்.

"எனக்கு எது பிடிக்கும்னு கேக்கல. ஓட்டப்போறது நீ. உனக்கு எது வேணும்?"

"அவருக்கு எது" என்று நாக்கு பழக்கத்தில் தொடங்கிவிட்டது. நிறுத்திக்கொண்டாள்.

"இன்ஜெக்‌ஷன்."

"ஏன்?"

"ஒரு நாளாவது, ஏறி உட்கார்ந்தா எதையும் கவனிக்காம, சும்மா ஓட்டிட்டுப் போகணும் போல இருக்கு. அலுத்துப்போச்சுங்க எனக்கு."

அவர் தலையை ஆட்டினார். அந்தப் பதினொரு மாதத்தில் அவள் அவரிடம் சொன்ன ஒளிவுமறைவில்லாத முதல் வார்த்தைகள் அவை. அது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

"அதையே எடுத்து வைங்கம்மா" என்றார் கடைக்காரம்மாவிடம். "கூட ஒரு பேட்டரியும். கயிறு இழுத்தா எடுக்காத ஜாதி."

குட்டியின் தாள் ஐந்து மணிக்குள் போய்ச் சேர்ந்ததா, அதைப் படித்தவர் என்ன சொன்னார் என்பதெல்லாம் அவர்கள் இருவருக்கும் அப்போது தெரியாது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார்கள். வழக்கம் போல அவர் ஜன்னலோரம், அவள் அவருக்கு வலப்பக்கம். நாலு நிறுத்தம் கடந்தது. மன்னிப்புக் கேட்கலாமென்று அவள் இரண்டு தடவை தொண்டையைச் சரிசெய்தாள். மன்னிப்புக் கேட்கவும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது.

ஐந்தாவது நிறுத்தத்தில் அவர் சட்டென்று எழுந்தார். இறங்கப்போகிறாரோ என்று பயந்துவிட்டாள்.

"நீ ஜன்னல் பக்கம் வா" என்றார்.

"ஏங்க?"

"இடது காதுல கொஞ்சம் விழுது."

இடம் மாறி உட்கார்ந்தார்கள். ஜன்னல் காற்று அவள் முகத்தில் பட்டது. அவர் முன் சீட்டின் கம்பியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் ரோட்டையே பார்த்தார்.

"திருகு ஒண்ணுதானா?" என்றார். "இல்ல, எனக்குத் தெரியாம இன்னும் எதையெல்லாம் சரி பண்ணி வெச்சிருக்க?"

குரலில் கோபம் இல்லை. அது கோபத்தைவிடக் கனமாக இருந்தது.

இல்லை என்று சொல்ல அவளுக்கு ஒரு நொடி போதும். அவர் நம்பியும் விடுவார். இந்த ஒரு நாளுக்கு இவ்வளவு போதுமென்று உடம்பின் ஒவ்வொரு எலும்பும் சொன்னது.

ஆனால் ஒன்று இருந்தது. அது வண்டியைப் பற்றியது அல்ல.

அவள் அவருடைய இடது காதின் பக்கமாகக் குனிந்தாள்.

(தொடரும்)